ஒரு திரை, மூன்று தேவைகள்

ஒரு பொருளைப் பலர் பயன்படுத்தப் போகும் வீட்டில், விலையைக் காட்டிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. யாருடைய தேவையை முன்னிறுத்துவது என்பதே அது. கணினிக்குப் புதிய திரை வாங்க முற்பட்டபோது எங்கள் இல்லத்திலும் இக்கேள்வி எழுந்தது. பகலில் எங்களுடைய கடைக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும். அஸருக்குப் பின் மகள் எடுத்து வரும் நிக்காஹ் படங்களின் திருத்தம். இரவில் மகனின் விளையாட்டு. மூன்றுக்கும் ஒரே மேசை, ஒரே கணினி. ஒதுக்கி வைத்த தொகையும் ஒன்றுதான்.

மகன் தன் பக்கத்தை முதலில் எடுத்துரைத்தான். "வாப்பா, 240 ஹெர்ட்ஸ் இருந்தால்தான் ஆட்டம் சரியாக இருக்கும்" என்றான். ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதன் அளவு. அவனோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகவும், 240 ஹெர்ட்ஸில் 4.2 ஆகவும் குறைகிறது. முதல் படியில் கிடைக்கும் இலாபம் பத்து மில்லி விநாடிக்கு நெருக்கம். அடுத்த படியிலோ மூன்றுக்கும் குறைவு. அந்தச் சிறு இலாபத்துக்கு எவ்வளவு பணம் கூடுகிறது என்பதை அவனே பார்த்தான். 144 போதும் என்று அவனே சொன்னான்.

மகளின் தேவை வேறு வகையானது. அவள் திருத்தி அனுப்பிய ஒரு திருமண ஆல்பத்தில், அச்சில் முகங்கள் இருண்டு வந்திருந்தன. அச்சகத்தில் விசாரித்தபோது, வந்த கோப்பை வந்தபடியே அச்சிட்டதாகக் கூறினர். அது உண்மையே. திரை அளவுக்கு மீறி ஒளிரும்போது படம் வெளிச்சமாகத் தோன்றுகிறது. திருத்துபவர் அதைச் சற்றுக் குறைக்கிறார். தாளுக்கோ சொந்த ஒளி கிடையாது. பொதுவாகக் கிடைக்கும் திரைகள் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டலா வரை ஒளிரக்கூடியவை. அச்சோடு ஒப்பிட்டுத் திருத்த 80 முதல் 120 வரை போதுமானது. மேலும், எங்கள் பழைய திரை டிஎன் வகையைச் சேர்ந்தது. தலையைச் சற்று உயர்த்தினாலே மணமகளின் சேலை நிறம் மாறிவிடும்.

இங்கேதான் எங்களுக்கு வழி தெரிந்தது. ஆட்டத்தில் ஒரு கணம் பிந்தினால் மகன் தோற்பான். மறுநாள் மீண்டும் ஆடுவான். கணக்கில் எழுத்துச் சற்று மங்கினால் பெரிதாக்கிப் படித்துக்கொள்வோம். ஆனால் பிறர் வீட்டுத் திருமணப் படம் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். அந்த நாள் மீண்டும் வராது; அதன் படம் கெட்டால் இழப்பு நமக்கன்று, நம்மை நம்பியவருக்கு. ஆகவே, எந்த வேலையின் பிழை பிறர் தலையில் விழுமோ, அந்த வேலைக்கே முதலிடம் என்று முடிவு செய்தோம். மகனும் மறுக்கவில்லை. "ராத்தாவுடைய வேலைக்குப் பொருந்துவதைப் பாருங்கள், அதிலேயே நான் ஆடிக்கொள்கிறேன்" என்றான்.

முதலிடம் தீர்ந்தபின் தேர்வு எளிதாயிற்று. விஏ வகைத் திரையில் கருமை நன்றாக இருக்கும். அதன் ஒளி மாறுபாடு ஏறத்தாழ 3000:1, ஐபிஎஸ் வகையிலோ 1000:1 அளவில்தான். ஆயினும் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் நிலைத்திருப்பது ஐபிஎஸ்ஸில். ஓஎல்இடி இரண்டையும் மிஞ்சும். ஆனால் கணக்கு மென்பொருளின் கட்டங்கள் நாள் முழுதும் அசையாமல் நிற்கும் வீட்டில், அவற்றின் தடம் திரையில் நிலையாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. விலையும் அதிகம். எனவே ஐபிஎஸ்.

அளவில் 27 அங்குலத்தைத் தேர்ந்தோம். அந்த அளவில் 1920 x 1080 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான். எழுத்தின் விளிம்பு சொரசொரப்பாகத் தெரியும். 2560 x 1440 என்றால் 109, கண்ணுக்கு இதம். 4கே இன்னும் கூர்மையானது. ஆனால் அதில் 83 இலட்சம் பிக்சல்கள். 1440 திரையில் 37 இலட்சம். இருமடங்குக்கும் மேலான அச்சுமையை எங்கள் கணினியின் கிராபிக்ஸ் கார்டு தாங்காது. திரையோடு கார்டையும் மாற்ற நேரிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சொற்களையும் நிறுத்திப் படிக்க வேண்டும். 'ஒரு மில்லி விநாடி' என்பது பெரும்பாலும் மிகத் தீவிரமான அமைப்பில் அளந்தது. அதில் அசையும் உருவங்களைச் சுற்றி நிழல் படியும். 'டிஸ்ப்ளே எச்டிஆர் 400' என்ற முத்திரைக்குத் திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி கட்டாயமன்று. 'நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்பது எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதைச் சொல்கிறதே தவிர, அவற்றைச் சரியாகக் காட்டுமா என்பதைச் சொல்வதில்லை. சரியைச் சொல்வது டெல்டா ஈ என்னும் பிழையளவு. அது இரண்டுக்குக் கீழே இருப்பதாகத் தொழிற்சாலையில் சோதித்த தாள் உடன் வரும் திரையையே வாங்கினோம். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற வரம்புக்காகக் கூடுதலாகச் செலவிடவில்லை. மகள் படம் அனுப்பும் அச்சகம் கேட்பது எஸ்ஆர்ஜிபி கோப்புகளையே.

திரை வந்த அன்றே வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் விரித்து, இறந்த பிக்சல் உண்டா என்று பார்த்துக்கொண்டோம். திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் செய்ய வேண்டிய வேலை அது. 144 ஹெர்ட்ஸ் தானாக வராது; கணினியின் அமைப்பில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய எச்டிஎம்ஐ கம்பி அதற்குத் தடையாகலாம் என்பதால் டிஸ்ப்ளேபோர்ட் கம்பியில் இணைத்தோம். நிறமானி ஒன்றை இரவல் வாங்கி, மகள் தன் அமைப்பை 120 கேண்டலாவில் நிறுத்தினாள். விளையாட்டுக்கெனத் தனி அமைப்பு ஒன்று மகனுக்கு.

இப்போது இரவில் ஆட்டம் முடிந்ததும், திரையை ராத்தாவின் அமைப்புக்குத் திருப்பி வைத்துவிட்டே அவன் எழுகிறான். யாரும் அவனுக்கு நினைவூட்டுவதில்லை.