டிக்... டிக்... டிக்...

ஓசூரில் குடியிருந்துகொண்டு 'டிக் டிக்' சத்தத்துக்குப் பயப்படலாமா? 1984-ல் டாடாவும் நம் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டான் கம்பெனி வாட்ச் செய்கிற ஊர் சார் இது. டிக் டிக் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளச் சத்தம்!

ஆனால், 2023 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

2008-ல் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் உதிரி உதிரியாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அது. அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி வீடு வரும்வரை அட்டைப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. "பெத்த பொண்ணைக்கூட இப்படித் தூக்கிட்டு வந்ததில்லை" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

உள்ளே 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். திரையில் பார்த்தால் 149 என்றுதான் காட்டும். கடைக்காரர் அடித்துவிட்டாரோ என்று அன்றைக்கே சண்டைக்குப் போகப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான், படி வேறு!

அந்த 149-க்குள் என்ன இருந்தது? மகள் முதல் அடி எடுத்து வைத்த படங்கள். கூடவே நாற்பது செகண்ட் ஓடுகிற ஒரு ஒலிப்பதிவு. 2009-ல் புது மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பாவைப் பேசச் சொன்னேன். கிருஷ்ணகிரி பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். மைக்கைப் பார்த்ததும் அவருக்கே வாய் கட்டிக்கொண்டது. "ஹலோ... ஹலோ... என்னடா பேசறது?... போதும், ஆஃப் பண்ணு, கரண்ட் ஓடுது!" அவ்வளவுதான். 2016-ல் அப்பா போய்விட்டார். அவர் குரல் இருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டி.

"காப்பி எடுத்து வைக்கலையாங்க?"

எடுக்காமலா? 'அடுத்த ஞாயிறு' என்று பதினாலு வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ளே இருக்கறது?"

"அது போயிடும் சார்." சர்க்கரை இல்லாத டீ கொடுப்பவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

ஆபீஸ் நண்பர் ஒரு வைத்தியம் சொன்னார். "ஒரு ராத்திரி ஃப்ரீஸர்ல வை, சரியாயிடும்." தோசை மாவுக்கும் மல்லிப்பூவுக்கும் நடுவே இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது, கிருஷ்ணகிரியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். இன்ஜினீயரிங் படிக்கிறவன்.

"மாமா, அதை வெளியே எடுங்க! குளிர்ல வச்சு எடுத்தா உள்ளே ஈரம் கோக்கும், இருக்கறதும் போயிடும். சுவிட்சையே தொடாதீங்க. வர்றேன்."

வந்து விளக்கினான். ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு, நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தேடிய இடம் கிடைக்கவில்லை என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மறுபடி தேடும். அந்தத் திரும்பல்தான் 'டிக்'. ஒவ்வொரு டிக்குக்கும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. நானோ அன்று காலை மட்டும் பதினோரு தடவை ஆன் செய்து பார்த்திருந்தேன்!

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் எஸ்.பி. ரோடு போனோம். கடையில் நான் கன்னடத்தில் "எஷ்டு?" என்றேன். அவர் இந்தியில் விலை சொன்னார். மருமகன் தெலுங்கில் பேரம் பேசினான். கடைசியில் அவர் தமிழில் பில் போட்டுக் கொடுத்தார். 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சுற்றுகிற தட்டே கிடையாது, எல்லாம் சிப். உள்ளங்கையில் வைத்தால் பிஸ்கெட் கனம்கூட இல்லை. 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க் ஒரு டன் எடை. அதில் ஐம்பது தட்டு. பிடித்ததோ ஐம்பது லட்சம் எழுத்துதான்.

இரவு ஆபரேஷன். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, புது டிஸ்க்கைப் பழையதன் பக்கத்தில் மாட்டினோம். இரண்டே கேபிள்தான். முனை 'எல்' வடிவம் என்பதால் என்னால்கூடத் தப்பாக மாட்ட முடியவில்லை.

விண்டோஸை எழுப்பாமல் பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, 'டிடிரெஸ்க்யூ' என்கிற இலவச மென்பொருளை ஓடவிட்டான். அது முதலில் சுலபமாகப் படிக்க வருகிற இடங்களையெல்லாம் புது டிஸ்க்குக்கு அள்ளிக்கொள்ளுமாம். முரண்டு பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில்தான் அங்கே திரும்பி வருமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரீட்சை அன்று வாசலில் நின்று அப்பா சொல்கிற அதே வாக்கியம்: "தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதுடா. தெரியாததுல உட்காராதே!"

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். பாட்டரி 'பீப்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு உயிரை விட்டது. இருட்டில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பயப்படாதீங்க மாமா. எதுவரைக்கும் முடிச்சோம்னு பென் டிரைவ்ல குறிச்சு வச்சிருக்கு. விட்ட இடத்திலேர்ந்து தொடங்கும்." தொடங்கியது. ஆனால், பழைய டிஸ்க் மறுபடி சுற்றுமா என்று காத்திருந்த அந்தச் சில செகண்டில் எனக்கு நாலு வயது கூடிவிட்டது.

காலை ஏழு மணிக்கு முடிந்தது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதிலேயே கம்ப்யூட்டரைக் கிளப்பினோம். மகளின் படங்கள் பத்திரம். சில கோப்புகள் மட்டும் அம்பேல். கல்யாண போட்டோ ஒன்றில் மச்சானின் முகத்துக்கு மேல் சாம்பல் பட்டை விழுந்திருந்தது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றேன். மனைவி முறைத்தாள்.

நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்க்கில், மூன்றாவது கிருஷ்ணகிரியில் அக்கா பீரோவில். ஓசூரில் வெள்ளமே வந்தாலும் அப்பா பேசுவார்.

அன்றைக்குக் காலையிலேயே அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒலிப்பதிவை அழுத்தினேன்.

"ஹலோ... ஹலோ... என்னடா பேசறது?... போதும், ஆஃப் பண்ணு, கரண்ட் ஓடுது!"

நான் பழக்கதோஷத்தில் மவுஸை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணாதேடா. இன்னொரு தடவை போடு."

ஆயுசில் முதல் தடவையாக அப்பா பேச்சை மீறினாள் அம்மா.