ஆசி என்பது யாதெனில்

வாழ்த்துப் பெறாமல் தமிழர் எந்த நற்செயலையும் தொடங்குவதில்லை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலில் மணமக்கள்மீது மஞ்சளரிசி தூவும் முதியவரும், ஆபிர் சாலையில் 1888 முதல் நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தில் மகளின் நெற்றியில் சிலுவை வரையும் தாயும் செய்வது ஒன்றே. 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்பது நம் முன்னோர் வாக்கு. கல்வி, செல்வம், நன்மக்கள், நோயின்மை, நீண்ட ஆயுள் என அப்பதினாறு பேறுகளையும் விரல்விட்டு எண்ணுவார்கள். எண்ணத் தக்கவற்றையே பேறு எனக் கொள்ளும் இந்தப் பழக்கம், கிறிஸ்தவர்களாகிய நாங்கள் 'ஆசீர்வாதம்' என்று சொல்லும்போதும் எங்களை விட்டு நீங்குவதில்லை.

2008ஆம் ஆண்டின் கடைசி இரவு. ஆலயத்தில் ஆண்டிறுதி ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி கூறினார்கள். ஒருவருக்குப் புதிய ஐந்தறை வீடு கிடைத்திருந்தது. மற்றொருவருக்குப் பதவி உயர்வு. இன்னொருவரின் மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம். 'கர்த்தர் எங்களை ஆசீர்வதித்தார்' என்று ஒவ்வொருவரும் முடித்தார்கள். அவர்கள் நன்றியில் பொய் இல்லை. ஆனால் என் அருகில் சக்கர நாற்காலியில் என் தாயார் அமர்ந்திருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் பறித்துக்கொண்டிருந்தது. வீடும் பதவியும் ஆசீர்வாதம் என்றால், இதற்குப் பெயர் என்ன? அந்தக் கேள்வி என்னுள் எழுந்தது. எழுந்து நின்று சாட்சி சொல்ல என்னால் இயலவில்லை.

அம்மா நெல்லைச் சீமையில் பிறந்தவர். 1954இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி, துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தையாரை நம்பி இங்கு வந்தார். 1967இல் தந்தையார் மறைந்தபோது நாங்கள் நான்கு பிள்ளைகள்; மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. தையல் பொறியின் முன் அமர்ந்து, அந்த வலக்கையால் எங்களை வளர்த்தார். வறுமை மிகுந்த அந்த நாள்களிலும் அவர் தவறாத வழக்கம் ஒன்று உண்டு. புத்தாண்டுக் காலையில் எங்களை ஒவ்வொருவராக முழந்தாளிடச் செய்வார். தலைமீது கை வைத்து, பெயர் சொல்லி ஜெபிப்பார். பின்னாளில் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த 2009 புத்தாண்டுக் காலையிலும் எல்லாரும் என் வீவக வீட்டில் கூடியிருந்தோம். ஆனால் எவரும் முழந்தாளிடவில்லை. கையும் பேச்சும் இல்லாதவரிடம் ஆசி கேட்பது அவரைப் புண்படுத்துமே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போது ஏழு வயதான என் இளைய மகள், எங்கள் தயக்கத்தை அறியாதவளாய், வழக்கம்போல் போய் முழந்தாளிட்டாள். சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு, "ஆச்சி, நானே வெச்சுக்கிறேன்" என்று சொல்லி, மடியில் கிடந்த அந்த வலக்கையை இரு கைகளாலும் தூக்கித் தன் தலைமீது வைத்துக்கொண்டாள்.

கை நழுவிற்று. அம்மாவின் இடக்கை மெல்ல எழுந்து வந்து, அந்த வலக்கை விழாதபடி பிடித்துக்கொண்டது. உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. ஆனால் அந்த முகம்! குழந்தையை நோக்கிக் குனிந்த அந்த முகத்தில் இருந்த ஒளியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னர் நாங்கள் ஒவ்வொருவராக முழந்தாளிட்டோம். என் தலைமீது இருந்த அந்தக் கை கனமாக இருந்தது.

அன்றிரவு வேதாகமத்தைத் திறந்தேன். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில், 24 முதல் 26 வரையுள்ள வசனங்களில், ஆரோனின் வழிவந்த ஆசாரியர் மக்களுக்குக் கூற வேண்டிய ஆசிமொழி உள்ளது. எபிரெய மூலத்தில் அது பதினைந்தே சொற்கள். 1979இல் எருசலேமில் கேத்தேப் இன்னோம் என்னும் இடத்துக் கல்லறையில் கிடைத்த இரு சிறு வெள்ளிச் சுருள்களில் அச்சொற்களின் சுருக்க வடிவம் பொறிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 2,600 ஆண்டுப் பழமை வாய்ந்தவை அவை. அந்த ஆசிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறேன், அன்றுதான் கவனித்தேன். அதில் நிலம் இல்லை, மந்தை இல்லை, பொன் இல்லை. இறைவன் காக்க வேண்டும். அவர் முகம் நம்மேல் ஒளிர வேண்டும். அவர் முகம் நம்மை நோக்கித் திரும்ப வேண்டும். அமைதி அருள வேண்டும். இவ்வளவே. ஆசி என்பது கைக்கு வரும் பொருள் அன்று; நம்மை நோக்கித் திரும்பும் முகம். அன்று காலை என் மகள் பெற்றது அதுவேயன்றோ?

இயேசு பெருமானின் மலைப்பொழிவும் அப்போது வேறு பொருள் தந்தது. அங்கே அவர் எளியோரையும் துயருறுவோரையும் அழைத்துச் சொல்லும் சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் 'பாக்கியவான்கள்' என்று தருகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'பேறுபெற்றோர்' என்கிறது. நம் பதினாறு பேறுகளில் உள்ள அதே 'பேறு'! ஆனால் அந்தப் பட்டியலில் இடம் பெறாதவர்களையே அவர் தேடிப்பிடித்துப் பேறுபெற்றோர் என்கிறார். ஆதியாகமத்தில் யாக்கோபு இரவெல்லாம் போராடி ஆசி பெறுகிறான்; விடியும்போது நொண்டியபடி நடக்கிறான். ஊனமும் ஆசியும் ஒரே உடலில் தங்கக்கூடும் என்பதை வேதம் மறைக்கவில்லை. ஆபிரகாமுக்கு வந்த ஆசியோ அவனோடு நிற்பதற்கு அன்று. அவன் வழியாகப் பிறருக்குச் செல்வதற்கே வந்தது.

இவ்வாறு சொல்வதால் என் தாயாரின் நோயை நான் ஆசி என்று கூறவில்லை. நோய் நோயே. அதனால் அவர் பட்ட துன்பத்தை நான் அறிவேன். ஆனால் நோய் வந்ததால் ஆசி விலகிப்போகவில்லை என்பதையும் அறிவேன். பெறுவதற்கும் அவர் தகுதி இழக்கவில்லை, கொடுப்பதற்கும் இழக்கவில்லை.

2010இல் அம்மா இறைவனடி சேர்ந்தார். இன்றும் ஆண்டிறுதி இரவில் சாட்சிகள் எழுகின்றன. புது வீடு பெற்றவரோடு நானும் மகிழ்கிறேன். ஆயினும் என் கண் வேறோர் இடத்தைத் தேடும். எழுந்து நின்று சொல்வதற்கு ஒன்றுமில்லாமல், தலை குனிந்து, கடைசி இருக்கையில் ஒருவர் இருப்பார். ஆராதனை முடிந்ததும் நான் முதலில் செல்வது அவரிடந்தான். பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. அருகில் அமர்ந்து, அவர் முகத்தைப் பார்க்கிறேன்.