கடலடியில் ஒரு புதிர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

நெய்தல் நிலத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் அன்னையும் ஆகும், அச்சமும் ஆகும். ஆரோவில்லுக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, வங்கக் கடலை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம் எங்கள் ஊர். எங்களுக்கு மீன் தருவதும் உப்புத் தருவதும் அந்தக் கடல்தான். அதே வங்கக் கடலில், நமக்கு வடக்கே விசாகப்பட்டினத்துக்கு அருகில், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அடியில் கிடக்கிறது. அதன் பெயர் காஸி. அது எப்படி மூழ்கியது என்று இன்றுவரை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைப் பற்றிப் படித்ததையும் கேட்டதையும் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காஸி பாகிஸ்தான் கடற்படையின் கப்பல். ஆனால் அது பிறந்தது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அது நீரில் இறக்கப்பட்டது. அப்போது அதற்கு 'டியாப்லோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் அதற்குப் 'பிசாசு' என்று பொருள். 1964-இல் அது பாகிஸ்தானுக்கு வந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் எந்த நாட்டிடமும் அதற்கு முன் நீர்மூழ்கிக் கப்பல் இருந்ததில்லை. நம் நாட்டின் முதல் நீர்மூழ்கியான 'கல்வரி' 1967-இல்தான் கடற்படையில் சேர்ந்தது.

இரும்பினால் ஆன, ஏறத்தாழ 95 மீட்டர் நீளமுள்ள கப்பல் விரும்பியபோது மூழ்குவதும் விரும்பியபோது மிதப்பதும் எப்படி? இதற்கு விடை நம் உப்பளத்திலேயே இருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்யும் என் தோழியின் தந்தை, பாத்தி நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை அதில் மிதக்க விடுவார். உப்பு ஏற ஏறக் குழாய் மேலே எழும்பும். அங்கே குழாயின் எடை மாறுவதில்லை. நீரின் அடர்த்தி மாறுகிறது. நீர்மூழ்கியிலோ கப்பல் தன் எடையையே மாற்றிக்கொள்கிறது. பக்கத் தொட்டிகளில் கடல் நீரை நிரப்பினால் மூழ்கும். அழுத்தப்பட்ட காற்றால் அந்நீரை வெளியே தள்ளினால் மேலே வரும். ஆர்க்கிமிடீஸ் விதி இரண்டுக்கும் பொது.

1971-ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் விடுதலைப் போராட்டம் மூண்டிருந்தது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் எந்நேரமும் வெடிக்கலாம் என்ற நிலை. நம்மிடம் அப்போது 'விக்ராந்த்' என்ற ஒரே ஒரு விமானந்தாங்கிக் கப்பல் இருந்தது. அதைத் தேடி அழிக்கும்படி காஸிக்கு ஆணை. கமாண்டர் சஃபர் முகமது கான் தலைமையில், 90 பேருக்கும் மேற்பட்ட மாலுமிகளுடன், நவம்பர் 14-ஆம் நாள் அது கராச்சியிலிருந்து புறப்பட்டது. அரபிக் கடலைக் கடந்து, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, நம் வங்கக் கடலுக்குள் நுழைந்தது.

விக்ராந்த் சென்னையில்தான் இருந்தது. ஆனால் கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் அதை இரகசியமாக அந்தமானுக்கு அனுப்பிவிட்டார். 'ராஜ்புத்' என்ற பழைய கப்பல் ஒன்றை, அதுதான் விக்ராந்த் என்று எதிரி நம்பும்படி, வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். பெருங்கப்பல் வருவதுபோலக் காட்ட விசாகப்பட்டினத்தில் ஏராளமான காய்கறியும் இறைச்சியும் வாங்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரு மாலுமி, கடும் நோயுற்றிருக்கும் தன் தாயின் நலம் கேட்டுத் தந்தி அனுப்புவதுபோலவும் ஒரு பொய்ச் செய்தி அனுப்பப்பட்டது. இதனைக் கிருஷ்ணனே தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். இரும்புக் கப்பலை ஏமாற்ற ஒரு தாயின் பெயர் பயன்பட்டது என்று அறிந்தபோது நான் வியந்தேன்.

டிசம்பர் 3-ஆம் நாள் மாலை போர் தொடங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. நீரில் ஏதோ கலக்கம் தெரியவே இரண்டு ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டுவிட்டுச் சென்றது. நள்ளிரவுக்குப் பின் கடலில் எழுந்த பெரும் வெடியோசை நகரையே அதிரச் செய்தது. கரையோர வீடுகளின் சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. என்ன நடந்தது என்று உடனே யாருக்கும் தெரியவில்லை. பிறகு கடலுக்குப் போன மீனவர்கள், மிதந்துவந்த பொருள்களையும் உயிர்காக்கும் மேலங்கி ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தபோது அடியில் காஸி கிடந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

போரின் முதல் இரவிலேயே நடந்த இந்தச் சம்பவத்துக்கு இன்று பல விளக்கங்கள் உள்ளன. ராஜ்புத் போட்ட குண்டுகளால் மூழ்கியது என்பது இந்தியத் தரப்பின் அறிவிப்பு. துறைமுக வாயிலில் கண்ணிவெடி வைக்கும்போது தன் கண்ணியிலேயே சிக்கி வெடித்தது, அல்லது உள்ளே விபத்து நேர்ந்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. மூன்றாவது விளக்கம் நம் வேதியியல் பாடத்தோடு தொடர்புடையது. நீருக்கடியில் கப்பல் பேட்டரியில் ஓடும். அந்தப் பேட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும். கப்பலின் முன்பகுதி உள்ளிருந்து வெளிநோக்கிச் சிதைந்திருந்ததாகக் கூறப்படுவதால், உள்ளே இருந்த வெடிபொருள்களே வெடித்தன என்று நம் கடற்படையைச் சேர்ந்த சிலரும் கருதுகின்றனர். ஆனால் அவற்றை முதலில் தூண்டியது எது? அங்குதான் புதிர் நிற்கிறது. இச்சம்பவம் பற்றிய நம் கடற்படைக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-ஆம் ஆண்டு செய்தி வெளியானது. ஆகவே புதிர் மேலும் இறுகிப்போனது. 2017-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள், ஓர் இந்திய நீர்மூழ்கி காஸியைத் துரத்தி வீழ்த்தியது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது கற்பனை.

சென்ற கோடை விடுமுறையில், விசாகப்பட்டினத்தில் வேலை பார்க்கும் என் மாமா எங்களை 'குர்சுரா' நீர்மூழ்கியைப் பார்க்க அழைத்துச் சென்றார். பணி முடிந்த அக்கப்பலைக் கடற்கரை மணலில் நிறுத்தி, 2002-ஆம் ஆண்டு முதல் காட்சிச்சாலையாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் எனக்கு மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. இரு புறமும் குழாய்கள், திருகிகள், கடிகாரம் போன்ற அளவுகருவிகள். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக, வட்டமான துளையில் காலை முதலில் விட்டுக் குனிந்து நுழைய வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணையை விடக் குறுகலான இடத்தில் மாலுமிகளின் படுக்கைகள். சன்னல் என்பதே கிடையாது. வெளியே வந்து கடற்காற்றை வாங்கியதும், அதே கடலைக் காட்டி மாமா, "காஸி அந்தப் பக்கம்தான் கிடக்கு" என்றார். அதுவரை காஸி எனக்கு எதிரிக் கப்பல். அந்தக் குறுகிய படுக்கைகளைப் பார்த்த பிறகு, அதில் படுத்திருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் இக்கதையை என் ஆயாவுக்குச் சொன்னேன். யார் ஜெயித்தார்கள், யார் குண்டு போட்டார்கள் என்று ஆயா கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்குச் சேதி போச்சாடி?" என்றுதான் கேட்டார்.

அதன் காரணம் எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே என் பெரியப்பா இருவருடன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டாம் நாள் வலை மட்டும் கரை ஒதுங்கியது. காற்றில் கவிழ்ந்தது என்றார்கள் சிலர். பெரிய கப்பல் இடித்திருக்கும் என்றார்கள் சிலர். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள் வேறு சிலர். இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசை அன்றுதான் வீட்டில் படையல். "ஒரு நிமிஷத்துல போனானா, ராப்பூரா தவிச்சானா, அதையாவது யாராச்சும் சொன்னா தேவலை" என்பார் ஆயா. ஊரார் சொல்லும் காரணங்களில் எது உண்மையானாலும் அவர் ஏற்றுக்கொள்வார். உண்மை எது என்று தெரியாமல் இருப்பதுதான் அவரை வாட்டுகிறது.

காஸியும் நவம்பர் 26-ஆம் நாளில் கராச்சிக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் செய்தி வரவேயில்லை. அங்கேயும் எத்தனையோ ஆயாக்கள் காத்திருந்திருப்பார்கள். நம் நாட்டிலும் அதே போரில் அதே துயரம் நேர்ந்தது. டிசம்பர் 9-ஆம் நாள் இரவு பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்ற நீர்மூழ்கி, நமது 'குக்ரி' கப்பலை அரபிக் கடலில் மூழ்கடித்தது. கேப்டன் முல்லாவும் அவருடன் சேர்த்து 194 பேரும் மாண்டனர். குக்ரி எப்படி மூழ்கியது என்று நமக்குத் தெரியும். பிழைத்தவர்கள் வந்து சொன்னார்கள். காஸியிலிருந்து வந்து சொல்ல ஒருவரும் இல்லை.

எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஆரோவில்லில், 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணை இளைஞர்கள் ஒரே தாழியில் இட்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், ஒரே மண்ணாக இருந்து பிரிந்த இரு நாடுகள் கடலில் மோதிக்கொண்டன. மண்ணைச் சேர்ப்பது எளிது, மனங்களைச் சேர்ப்பது அரிது என்று இதைப் படிக்கும்போது தோன்றியது. ஆனாலும் 2024-ஆம் ஆண்டு வந்த ஒரு செய்தி எனக்கு ஆறுதல் தந்தது. நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு ஊர்தி காஸி கிடக்கும் இடத்தைக் கண்டறிந்ததாம். ஆயினும் மாண்டவர்களுக்கு மரியாதை செய்யும் வகையில் அதைத் தொடாமல் விட்டுவிட்டார்களாம். எதிரியாக வந்தவர்களின் கல்லறைக்கும் நம்மவர்கள் மதிப்புக் கொடுத்தது பெருமைக்குரியது அல்லவா?

அன்புத் தோழியரே! 'யார் மூழ்கடித்தது?' என்று நாடுகள் கேட்கின்றன. 'எப்படிப் போனான்?' என்று தாய் கேட்கிறாள். முதல் கேள்விக்கு ஆளுக்கொரு விடையை உரக்கச் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு உண்மை மட்டுமே விடையாக முடியும். வரலாற்றைப் பாடத்துக்காக மனப்பாடம் செய்துவந்த எனக்கு இதை உணர்த்தியது காஸிதான். என் பெரியப்பாவின் பெயர், படகில் உடன் சென்றவர்கள், புறப்பட்ட நேரம், வலை ஒதுங்கிய இடம் ஆகியவற்றை ஆயா சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். ஆயா அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். உங்கள் வீட்டிலும் பெரியவர்களின் நினைவில் மட்டும் வாழ்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டு எழுதிவையுங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடியும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுவதே, மறைந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நேர்மையான மரியாதை.