ஒடுங்கிய குழலும் ஒடுங்காக் குழலும்

எமது பல்கலைக்கழகக் குறிசுடும் குழுவின் காற்றுத் துவக்கொன்றில் குழல்வாய் துருவேறிவிட்டது. கெட்டுப்போன ஓரங்குலத்தை வெட்டியெறிந்து முனையைச் செப்பனிடலாம் என்பது ஒரு கட்சி. புதுக்குழல் தருவிக்க வேண்டும் என்பது மறு கட்சி. முன்னதற்குச் செலவு சொற்பம்; பின்னதற்கோ இவ்வாண்டு சன்னம் வாங்க ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆயினும் இதனை வெறும் சிக்கனப் பிரச்சினையாகக் கொள்ளலாகாது. வெட்டுண்ணப்போகும் அந்த அங்குலத்திலேதான் குழலின் ஒடுக்கம் இருக்கிறது.

வேட்டைத் துவக்கின் ‘சோக்’ வேறு. அது பல சன்னங்களின் சிதறலைக் கட்டுப்படுத்துவது. காற்றுத் துவக்கில் ஒரு வெடிக்கு ஒரு சன்னமே. இங்கு ஒடுக்கம் என்பது குழலின் இறுதி ஓரிரு அங்குலத்தில் உள்விட்டம் மிகச் சிறிதளவு, ஒரு மில்லிமீற்றரின் நூறிற் சில பங்கு, குறைதலாகும். சொல்லின் ஈற்றில் உகரம் குறுகுவதை முதலாண்டிற் படித்த எமக்கு இது புதுமையன்று. இடை சிறுத்துப் பின்புறம் பாவாடைபோல் விரிந்த மென்மையான ஈயச் சன்னம், வெளியேறுமுன் இவ்விடுக்கில் ஒருமுறை நெரிந்து சீரான அளவு பெறுகிறது. சற்றே பெருத்ததும் சற்றே சிறுத்ததும் ஏறத்தாழ ஓரளவினவாகவே குழலை நீங்குகின்றன. ஆகவே ஒடுக்கம் என்பது சன்னங்களின் ஏற்றத்தாழ்வுக்குச் செய்யும் பரிகாரமேயன்றித் துவக்கின் அணிகலனன்று. ஈயம் ஒருபுறம் கனத்த சன்னத்தை அது திருத்தாது; பழுதுபட்ட குழல்வாயையும் ஈடுசெய்யாது.

ஒடுங்காக் குழலுக்கும் நியாயமுண்டு. நீண்டு பருத்த ‘ஸ்லக்’ வகைச் சன்னங்கள் குழற்சுவரோடு மிகுதியாக உரசுவன. அவற்றைச் சுடுவோரிற் பலர் ஒடுக்கமில்லாத குழலையே நாடுகின்றனர். நாம் சுடுவதோ 10 மீற்றரில், 4.5 மில்லிமீற்றர்த் தட்டைத்தலைச் சன்னம். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் விளையாட்டில் இடம்பெற்ற காற்று றைபிள் போட்டி இவ்வகையினதே. அவ்விலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். சன்னமே அதனினும் ஒன்பது மடங்கு அகலம்! அத்தகைய இடத்தில் நூறிற் சில பங்கை அற்பமென்று தள்ளிவிட முடியுமா?

நல்ல சன்னம் வாங்கினால் ஒடுக்கம் எதற்கு என்று நண்பரொருவர் வினவினார். வினா நேர்மையானதே. தலைவிட்டம் 4.49, 4.50 எனப் பிரித்து அடைத்த ரின்களைத் தொடர்ந்து பெறக்கூடியவர்க்கு அது பொருந்தும். நாமோ கிடைத்த ரின்னைக் கொண்டு சுடுபவர். சென்ற வாரம் மூன்று ரின்களிலிருந்து பத்துப் பத்துச் சன்னங்களை எடுத்து, துருவற்ற பின்முனையில் துடைப்புக் கோலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். சில வழுக்கி ஓடின. சில அழுத்தியே நகர்ந்தன. ஒரே ரின்னுக்குள்ளும் இவ்வேறுபாடு இருந்தது.

கூட்டத்தில் என் வாக்கு புதுக்குழலுக்கே. தீர்மானமும் அவ்வாறே நிறைவேறியது. இதன் பொருட்டு இத்தவணையில் ஆளுக்கு வாரம் அறுபது வெடி என்பது முப்பதாகிறது. புதுமுக மாணவர் இருவர் மட்டும் இன்னும் எம்மோடு முகங்கொடுத்துப் பேசுகிறாரில்லை.