மாங்காய்ப் பூட்டும் ஒரு பழைய அரமும்

2019ஆம் ஆண்டு பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் வாசித்த நாள் முதலாக, பஞ்சாமிர்தத்தைப் பலமுறை ருசித்திருந்தும் பூட்டுச் செய்கிற கைகளை ஒருமுறையேனும் பார்த்ததில்லையே என்ற குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது. திண்டுக்கல்லில் ஆசிரியராக இருக்கும் சிநேகிதர் அழைத்ததும் புறப்பட்டுவிட்டேன். அவரோ, முதல் நாள் வருகிறவனுக்கு ஊர் காட்ட ஒரு கிரமம் உண்டு, மலை முதலில், சோறு பிறகு, தொழில் கடைசியில் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

திண்டு போலக் கிடக்கும் அந்தக் கல்மலையின்மீது, 1605இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் தொடங்கியதும், ஹைதர் அலி பௌஜ்தாராக இருந்து ஆண்டதும், 1790இல் ஆங்கிலேயர் கைப்பற்றியதுமான கோட்டை நிற்கிறது. உச்சிக் கோயிலில் மூர்த்தி இல்லை. காற்று மட்டும் இருக்கிறது. இறங்கி வந்த பசிக்குச் சீரகச் சம்பா பிரியாணி. அரிசியின் நீளத்தில் பெருமை தேடுகிறவர்கள் இந்தக் குறுமணி கறிச்சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் சாமர்த்தியத்தை ஒருநாள் வந்து பார்க்கவேண்டும்.

மாலையில்தான் நாகல்நகர்ப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த ஒரு பூட்டுப் பட்டறைக்குப் போனோம். "வாங்க தம்பி, சத்தமாப் பேசுங்க, காது மந்தம்" என்றார் அங்கிருந்த பெரியவர். தகடு வெட்டுவதும் வளைப்பதும் தறைவதும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன். என் கண் அவர் கையிலிருந்த அரத்திலேயே நின்றுவிட்டது.

அவர் செய்துகொண்டிருந்த மாங்காய் வடிவான பூட்டுக்குள் லீவர் என்று அவர்கள் சொல்லும் தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாவியின் ஒவ்வொரு வெட்டும் தனக்குரிய லீவரைத் தனக்குரிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும் தூக்கினால்தான் பூட்டின் நாக்கு நகரும். பெரியவர் எதையும் அளக்கவில்லை; இரண்டு இழுப்பு இழுப்பார், சாவியைப் போட்டுத் திருப்புவார், எடுத்து மறுபடி ஓர் இழுப்பு.

"எப்படி ஐயா தெரிகிறது?"

"எந்த லீவர் இடிக்குதுன்னு விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது."

பன்னிரண்டு வயதில் தகப்பனார் எதிரே உட்கார்ந்தவர். முதல் மூன்று வருஷம் சாவி ராவுவது தவிர வேறொன்றும் தொட அனுமதியில்லை. மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "நான் கூப்பிடலை. கூப்பிட்டா வந்துடுவான், அதான்."

இந்தத் தொழிலில் தகடு வியாபாரியுடையது, பூட்டும் அவருடையது. தேய்கிற அரம் மட்டும் தொழிலாளியுடையது. அலிகாரின் இயந்திரப் பூட்டு மலிவாக வந்து இறங்கும்போது வியாபாரி தம் லாபத்தைக் குறைத்துக்கொள்வதில்லை, கூலியைத்தான் குறைக்கிறார். குறியீட்டுக்கு விண்ணப்பித்தது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே ஆயினும், குறியீடு காப்பது ஊரின் பெயரை. ஊரில் குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதரை அன்று. மலைக்கும் சோற்றுக்கும் பின்னால் தொழிலைக் கடைசியில் வைத்தவர் என் சிநேகிதர் ஒருவர்தானா என்று திரும்பி நடக்கையில் எண்ணிக்கொண்டேன்.

ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கி வந்து புத்தக அலமாரிக்குப் போட்டிருக்கிறேன். சாவியின் கடைசி வெட்டில் அரத்தின் சொரசொரப்பு இன்னும் விரலில் படுகிறது. "ஒரு மாசம் புழங்கினா வழவழன்னு ஆயிடும்" என்று பெரியவர் சொல்லியிருந்தார். அது தீர்ந்துபோக மனமில்லாமல், அலமாரியை நான் அடிக்கடி பூட்டுவதில்லை.