ஒளித்த வரைபு

அளவீட்டில் பிழை விட்டேன் என்று சொல்லித் தப்பிவிடலாம். அது உண்மையல்ல. பிழை எங்கே என்று தெரிந்துகொண்டே மறைத்தேன்.

கண்டியில் ஆய்வு மாணவனாக இருந்த காலம். ஃபெரோஎலெக்ட்ரிக் திரவப் பளிங்குகள் என் துறை. கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சரிந்து நின்றால், வெளி மின்புலம் இல்லாமலே முனைவாக்கம் உண்டாகும் என்று 1975இல் றொபேட் மேயரும் பிரெஞ்சு இரசாயனவியலாளர்களும் காட்டினார்கள். 1980இல் நோயல் கிளார்க்கும் ஸ்வென் லாகர்வாலும் அத்தகைய பளிங்கை ஒன்றிரண்டு மைக்ரோமீற்றர் இடைவெளிக்குள் அடக்கி, மின்புலத்தைத் திருப்பினால் மைக்ரோசெக்கன்களில் அது புரளும் என்று நிரூபித்தார்கள். என் கலவையும் அப்படிப் புரள வேண்டும் என்று ஏங்கினேன்.

வோல்ற்றளவை முக்கோண அலையாகக் கொடுக்கும்போது, முனைவாக்கம் புரளும் இடத்தில் மின்னோட்டம் மேடாக எழும். எனக்கும் எழுந்தது. ஆனால் மாதிரியில் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால், அயன்கள் ஒரு மின்வாயிலிருந்து மற்றதற்கு ஓடுவதும் மேடாகவே தெரியும். எங்கள் ஆய்வுகூடம் இருந்த ஹந்தானைச் சரிவின் மழைக்காலத்தில் ஈரத்துக்கு என்ன குறை? 2008இல் ஜே. எஃப். ஸ்கொட் ஃபெரோஎலெக்ட்ரிக் அல்லாத வாழைப்பழத் தோலை அளந்து, ஃபெரோஎலெக்ட்ரிக் பொருளுக்கு உரியது போன்ற வளையத்தை வரைபில் எடுத்துக் காட்டியிருந்தார். அந்தக் கட்டுரையை நான் அப்போதே வாசித்திருந்தேன்.

இந்த இருவகை மேடுகளையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மாதிரியைச் சாதாரண திரவமாகும் வரை சூடாக்க வேண்டும். அடுக்கு குலைந்தால் முனைவாக்கமும் போகும். மேடு மறைய வேண்டும். சூடாக்கினேன். மறையவில்லை, இன்னும் உயர்ந்தது.

அந்த வரைபை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. மேற்பார்வையாளர் கேட்டபோது, சூடாக்கிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கு ஒரு கண்டுபிடிப்புத் தேவைப்பட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை.

எனக்குப் பின் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி வந்தாள். என் எண்களை நம்பி அதே கலவையில் வேலையைத் தொடங்கினாள். மேடு நாளுக்கு ஓர் உயரத்தில் வந்தது. "அண்ணா, நான் எங்க பிழை விடுறேன்?" என்று கேட்டாள். மாதிரியை அடக்கும் கண்ணாடியை இன்னும் நன்றாகக் கழுவிப் பார் என்றேன். கழுவினாள். மறுபடி மறுபடி கழுவினாள். கடைசியில், தனக்குக் கைத்திறன் போதாது என்று முடிவுகட்டி வேறு தலைப்புக்கு மாறிப் போனாள். பொய்த்த எண்ணை விட, அவள் தன் கையைச் சந்தேகித்ததுதான் என்னை உறுத்துகிறது. ஒரு வாக்கியத்தில் அவளை விடுவித்திருக்கலாம், வாய் திறக்கவில்லை.

பிழை அவளுடையதல்ல என்று இப்போது அவளுக்கு எழுதியிருக்கிறேன். மேற்பார்வையாளருக்கும் எழுதி, ஆய்வேட்டின் அந்த முடிவை மீளப்பெற வேண்டும். அதை இன்னும் செய்யவில்லை.