பேரு எங்க தம்பி?

“எல்லாம் சரி. பேரு எங்க தம்பி?” என்று கேட்டார் பெரியவர்.

நாற்பது வருசத்துக்கு மேல் சாவு வீடுகளில் கானா பாடியவர் அவர். அவர் பாடியதை வீடியோ எடுத்து, ஐந்து நிமிடமாகச் சுருக்கி, செல்போனில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ‘நல்லாக்கீது’ என்பார் என்று காத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

மார்கழி வந்தால் மயிலாப்பூரும் தி.நகரும் சபாக்களின் கையில். 1927 சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை விழாவிலிருந்து 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. எது சங்கீதம், எது இரைச்சல் என்று ஏறக்குறைய நூறு வருசமாக அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். அதே மயிலாப்பூரில், கால்வாய்க் கரையில், நம் ஆட்கள் விடிய விடியப் பாடியது கணக்கில் வரவேயில்லை. 2015இல் அடையாறு பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணாவும் தோழர்களும் விழா எடுத்தபோது கர்னாடக இசை குப்பத்துக்கு வந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 19 பேரோடு மேடையேறியது. ராக் கிதாருக்குப் பக்கத்தில் சட்டியும் கட்டமூலமும் பறையும் நிமிர்ந்து நின்றன. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. பிறகு நம் கலைஞர்கள் பலருக்கும் மேடைகள் திறந்தன.

பெரியவரும் அப்படித்தான் தி.நகரில் ஓர் அரங்குக்கு வந்தார். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். மிக்சரிலிருந்து ஒலி எடுத்தேன். முகம் துல்லியமாக விழுந்தது. ஆனால் ஏ.சி. குளிரில் பறைத் தோல் தளர்ந்துவிடும் என்று, பறையடிக்க வந்த பையன்கள் வெளியே தெருவோரம் பேப்பர் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நானோ உள்ளே விளக்கு வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கச்சேரி ஆரம்பித்த இடமே என் படத்தில் இல்லை.

“மேடையில பாட்னது பாதிதான். சாவுக்கு வா. வூட்டுக்காரங்கள கேட்டுக்கினு புடி” என்றார். போனேன். அங்கே பாட்டுக்கு நேரக் கணக்கு கிடையாது. செத்தவர் பேர், அவர் அப்பன் பேர், பொண்டாட்டி பிள்ளைகள் பேர், எந்தச் சந்தில் குடியிருந்தார், எங்கே மூட்டை தூக்கினார், எந்த டீக்கடையில் கடன் வைத்தார் எல்லாம் பாட்டில் வந்தது. ஒவ்வொரு பேருக்கும் ஓர் அழுகை எழுந்தது. ஒரே ஒரு ராத்திரிக்கான பாட்டு அது. அடுத்த சாவுக்குச் செல்லாது.

நான் என்ன செய்தேன்? ‘வெளியாளுக்கு இந்தப் பேரெல்லாம் புரியாது’ என்று அத்தனையையும் வெட்டினேன். மெட்டையும் தாளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

“மெட்டு சினிமாவுலயும் கெடைக்கும். பேருதான் பாட்டு. அத்த நீ வெட்டிட்டா நான் யாருக்குப் பாட்னேன்? டேப்பு தூக்கிக்கினு எத்தினி பேரு வந்தானுங்கோ. ஒருத்தனாவது திரும்பி வந்து போட்டுக் காட்னானா? நீ வந்த. அதான் உன்னாண்ட கேக்குறேன்.”

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். ஒப்பாரியும் தாலாட்டும் பாடமாகப் படித்தேன். பாடியவள் பேர் எந்தப் புத்தகத்தில் இருந்தது? அடுத்தவன் செய்த களவை நானும் செய்திருக்கிறேன், அதுவும் நம்மவன் என்ற உரிமையோடு.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்ததைப் பார்த்தோம். சென்னையில் இது புதிதல்ல. சந்து போனபின் சந்தின் பேரை யார் வைத்திருப்பார்கள்? பட்டாவில் இல்லை. பாட்டில்தான் இருந்தது. அதைத்தான் நான் கத்தரித்துப் போட்டேன்.

நல்லவேளை, எடுத்ததை அழிக்கவில்லை. வெட்டியதை எல்லாம் எடுத்த வரிசையிலேயே திரும்பச் சேர்த்தேன். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பென்டிரைவில் பெரியவருக்கு ஒன்று, செத்தவர் வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். காமிரா தூக்கும் தோழர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எடுத்ததை முதலில் பாடியவர் வீட்டில் போட்டுக் காட்டுங்கள். வெளியே காட்டலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

செத்தவர் மகள் டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா பேர் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அண்ணே, இந்த எடத்த மறுபடியும் போடுண்ணே” என்றாள்.